தலைமன்னாரில் இரண்டு இரவுகள்: ஒரு மீனவர் வீட்டுத் தங்குமிடம் பற்றி

"தலைமன்னாரில் பார்ப்பதற்கு என்ன இருக்கிறது?" என்று அங்கே போய் வந்தவர்களே கேட்பதைச் செட்டிகுளத்திலும் வவுனியாவிலும் பலமுறை கேட்டிருக்கிறேன். 2018ஆம் ஆண்டு பாடசாலைச் சுற்றுலாவில் மாணவர்களை அழைத்துக்கொண்டு போனபோது எனக்கும் அதே எண்ணம்தான் ஏற்பட்டது. திருக்கேதீஸ்வரத்தில் வழிபட்டு, மன்னார்க் கோட்டையைச் சுற்றிவந்து, பள்ளிமுனைப் பெருக்கமரத்தடியில் படம் எடுத்து, இறுதியாகத் தலைமன்னாரை அடைந்தபோது பிற்பகல் மூன்று மணியாகியிருந்தது. கொதிக்கும் மணலில் நின்றபடி பழைய இறங்குதுறையையும் வெளிச்சவீட்டையும் பார்த்துவிட்டு, கட்டிக்கொண்டு போன சோற்றுப் பொதிகளைப் பேருந்துக்குள்ளேயே அவிழ்த்துச் சாப்பிட்டு, நான்கு மணிக்குத் திரும்பிவிட்டோம். கடந்த மாசியில் அதே ஊரில், ஒரு மீனவக் குடும்பம் தன் வளவுக்குள் நடத்தும் தங்குமிடத்தில் இரண்டு இரவுகள் தங்கிய பின்னர்தான், அந்த ஊரின் நாள் நாங்கள் அன்று புறப்பட்டுப்போன நேரத்துக்குப் பிறகே தொடங்குகிறது என்பது எனக்கு விளங்கியது.

அந்த வீட்டின் பெயரை இங்கே எழுதவில்லை. அதற்குப் பெயர்ப்பலகை கிடையாது. மூன்றே அறைகள்தான் இருப்பதால் பெயரைப் பரப்ப வேண்டாம் என்று வீட்டுக்காரரும் கேட்டுக்கொண்டார். பேசாலையைச் சேர்ந்த சக ஆசிரியர் ஒருவர் சொல்லித்தான் நாங்கள் போனோம். பாதையின் கடைசி நிலையமான தலைமன்னார் பியரில் இறங்கி, அறை வாடகைக்குக் கொடுக்கும் மீனவர் வீடு எதுவென்று விசாரித்தால், அந்த வீட்டையோ அதைப் போன்ற இன்னொரு வீட்டையோ காட்டிவிடுவார்கள். நான் எழுதுவதில் பெரும்பகுதி அத்தகைய வேறு வீடுகளுக்கும் பொருந்தும் என்றே நினைக்கிறேன்.

நானும் மனைவியும், பன்னிரண்டும் எட்டும் வயதான இரண்டு பிள்ளைகளும், எழுபத்துமூன்று வயதான என் மாமியாரும் சென்றிருந்தோம். மாமிக்கு முழங்கால் வலி இருப்பதால் இருக்கை கிடைக்குமா என்ற நிச்சயமில்லாத பேருந்தைத் தவிர்த்து, செட்டிகுளத்தில் புகையிரதம் ஏறினோம். மதவாச்சியிலிருந்து பிரியும் இந்தப் பாதை 1990இல் போரினால் நின்றுபோய், இருபத்தைந்து ஆண்டுகள் தண்டவாளமே இல்லாமல் காடுபற்றிக் கிடந்து, இந்திய நிறுவனமொன்றால் மீண்டும் போடப்பட்டு, 2015ஆம் ஆண்டு மார்ச் 14ஆம் திகதி தலைமன்னார் வரை திறக்கப்பட்டது. மடு வீதி, முருங்கன் என்று வயல்களுக்கு நடுவே போய்க்கொண்டிருந்த வண்டி, மன்னார்த் தீவுக்குச் செல்லும் பாலத்தில் ஏறியதும் இரு பக்கமும் சேறும் நீருமாக விரிகிறது. அந்தப் பருவத்தில் பூநாரைகள் இன்னும் முற்றாகப் போய்விடவில்லை. தொலைவில் இளஞ்சிவப்புக் கோடாக நின்றவற்றை முதலில் கண்டவள் என் மகள்தான். தீவுக்குள் நுழைந்த பின்னர் பனங்கூடலும் மணலும், தென்கரையோரம் வரிசையாக நிற்கும் காற்றாலைகளும் கூடவே வருகின்றன. 2020ஆம் ஆண்டு இறுதியில் இயங்கத் தொடங்கிய அந்தக் காற்றாலைத் திட்டத்தில் முப்பது கோபுரங்கள் உள்ளன. என் மகன் அவற்றை எண்ணத் தொடங்கி, பனைகள் மறைத்ததால் பாதியில் கைவிட்டான்.

தலைமன்னார் என்பது ஒரே ஊர் என்று எண்ணிக்கொண்டு போவோர் சிறிது குழம்புவார்கள். புகையிரதம் சென்று முடியும் இடத்தைத் தலைமன்னார் பியர் என்கிறார்கள். பழைய கிராமம் அதிலிருந்து விலகித் தனியாக இருக்கிறது. நாங்கள் தங்கிய வீடு பியர்ப் பக்கத்தில், நிலையத்திலிருந்து நடந்தே போகக்கூடிய தூரத்தில் இருந்தது. ஆயினும் மாமியின் நிலையைத் தொலைபேசியில் முன்கூட்டியே சொல்லியிருந்ததால், வீட்டுக்காரர் தம் மைத்துனருடைய முச்சக்கர வண்டியை நிலைய வாசலில் நிறுத்தி வைத்திருந்தார். அதற்குக் காசு கொடுத்தபோது வாங்க மறுத்துவிட்டார்கள்.

வளவைச் சுற்றிக் கிடுகு வேலி. முன்னால் குடும்பத்தார் வாழும் கல்வீடு. பின்னால் ஓட்டுக்கூரையின் கீழ் வரிசையாக மூன்று அறைகள். அறையென்றால் இரண்டு கட்டில்கள், நுளம்பு வலை, மின்விசிறி, ஒரு மேசை, அவ்வளவுதான். குளிரூட்டி இல்லை. அந்தக் காற்றில் அது தேவைப்படவும் இல்லை, ஏனென்றால் சாளரத்தைத் திறந்தால் இரவு முழுவதும் கடற்காற்று நேராகக் கட்டிலுக்கே வருகிறது. படுக்கை விரிப்புகள் வெயிலில் காய்ந்த மணத்தோடு இருந்தன. தரையைக் காலையும் மாலையும் கூட்டினார்கள். ஆனாலும் காலில் மணல் ஒட்டுவதை எவராலும் தடுக்க முடியாது, அதைக் குறையாகச் சொல்வதும் நியாயமில்லை.

குறையாகச் சொல்ல வேண்டியது தண்ணீர். கிணற்று நீர் உவராக இருந்தது. குளித்த பிறகும் உடம்பில் ஒரு பிசுபிசுப்பு நின்றது, சவர்க்காரம் நுரைக்கவே இல்லை. குடிப்பதற்கும் சமைப்பதற்கும் அவர்கள் கலன்களில் நீர் வாங்கி வைக்கிறார்கள்; எங்களுக்கும் தட்டுப்பாடின்றித் தந்தார்கள். இரண்டாவது குறை, குளியலறையும் மலசலகூடமும் அறைகளிலிருந்து இருபது அடி தள்ளி இருப்பது. இரவில் மாமியை அங்கே அழைத்துச் செல்ல ஒவ்வொரு முறையும் என் மனைவி எழுந்திருக்க வேண்டியிருந்தது. படியில் பிடிமானக் கம்பி இல்லை, மின்குமிழும் மங்கல். மறுநாள் காலையில் இதை வீட்டுக்கார அம்மாவிடம் மனம் நோகாத வகையில் சொன்னோம். அன்று மாலைக்குள் அவருடைய மகன் வேலியோரம் கிடந்த ஒரு பழைய துடுப்பை அறுத்து, படியருகே நட்டு, கைப்பிடியாக்கித் தந்துவிட்டான். குமிழையும் மாற்றினான். நட்சத்திரங்கள் பல பெற்ற விடுதிகளில்கூட ஒரு முறைப்பாடு அரை நாளில் இவ்வாறு தீர்ந்ததை நான் கண்டதில்லை.

உணவைப் பற்றி விரிவாக எழுத வேண்டும். இந்த வீட்டுக்கு மீண்டும் போக வேண்டும் என்று பிள்ளைகள் இன்றும் கேட்பதற்கு அதுவே காரணம்.

அங்கே உணவுப் பட்டியல் கிடையாது. என்ன சமைப்பீர்கள் என்று கேட்டதற்கு, "என்ன மீன் படுதோ, அதுதான் சேர் கறி" என்று வீட்டுக்கார அம்மா சொன்னார். முதல் இரவு வெள்ளிக்கிழமை. மாமி வெள்ளியில் மச்சம் சேர்ப்பதில்லை என்பதை முன்னரே அறிவிக்க நாங்கள் மறந்துவிட்டோம். அவர்களோ கத்தோலிக்கர், தவக்காலத்து வெள்ளியாதலால் இறைச்சியை விலக்கி, எல்லோருக்கும் மீன் சமைத்து வைத்திருந்தார்கள். நிலைமையை அறிந்ததும், மீன் படாத புதுச் சட்டி ஒன்றை எடுத்து, முருங்கைக்காய்ப் பால்கறியும் பருப்பும் வைத்து, இடியப்பம் அவித்துக் கொடுக்க ஒன்பதரை மணியாகிவிட்டது. மாமி அதுவரை காத்திருந்தார் என்பது எங்கள் பிழையே அன்றி அவர்களுடையதன்று. மரக்கறி மட்டும் உண்போர் இத்தகைய வீடுகளுக்கு முதல்நாளே சொல்லிவிடுவது அவசியம், ஏனெனில் அங்கே மரக்கறி மன்னார் நகரிலிருந்தே வரவேண்டியிருக்கிறது.

எங்கள் பங்குக்கு அன்றிரவு விளைமீன் குழம்பும் கணவாய்ப் பிரட்டலும் வந்தன. நாங்கள் வயலும் குளமும் சார்ந்த பகுதியில் வாழ்வதால், எங்களை வந்தடையும் கடல்மீன் பனிக்கட்டிப் பெட்டியில் ஒரு பகலாவது கிடந்ததாகவே இருக்கும். அதன் வாடையை மறைக்க நாங்கள் தூளும் புளியும் தாராளமாகப் போடுவோம். இங்கே குழம்பில் தூள் குறைவு, தேங்காய்ப்பாலும் குறைவு. பழப்புளி, பச்சை மிளகாய், வெந்தயம், கறிவேப்பிலை, அதற்கு மேல் எதுவும் என் நாக்குக்குத் தெரியவில்லை. மீனின் சதை இதழ் இதழாகக் கழன்று வந்தது. கணவாயை நெடுநேரம் அவிக்காமல் சட்டென்று பிரட்டி இறக்கியிருந்தபடியால் இழுபடவில்லை. கடையில் வாங்கிய கணவாயை மணிக்கணக்கில் அவித்தும் இறப்பராகவே சாப்பிட்டுப் பழகிய என் மனைவி, மறுநாள் அடுப்படிக்கே சென்று செய்முறையைக் கேட்டுக்கொண்டார்.

சனிக்கிழமை மதியம் ஒடியற் கூழ். முதல்நாளே ஊறவைத்துக் கசப்பு நீக்கிய ஒடியல் (உலர்த்திய பனங்கிழங்கு) மாவில், நண்டு, இறால், பாரைத் தலை, மரவள்ளிக்கிழங்கு, பயற்றங்காய், பலாக்கொட்டை, முருங்கையிலை எல்லாம் சேர்த்து, செத்தல் மிளகாயை அரைத்துக் கரைத்து, பெரிய பானையில் முற்றத்திலேயே காய்ச்சினார்கள். பனையோலைப் பிளாவில் ஊற்றித் தந்தார்கள். எல்லோரும் பலகையிலும் மணலிலுமாக அமர்ந்து குடித்தோம், வீட்டாரும் விருந்தினரும் என்ற வேறுபாடு அப்போது இருக்கவில்லை. என் மகன் இரண்டாம் பிளாவில் நின்றுவிட்டான். மகள் காரம் தாங்காமல் அழுது, பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு மீண்டும் கேட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை இந்த நிறைவு கிடைக்கவில்லை. சனி இரவு கத்தோலிக்க மீனவர்கள் கடலுக்குப் போவதில்லை. ஞாயிறு காலை கோவில். ஆகவே அன்று காலை பாணும் சம்பலும் பருப்பும்தான். மதியச் சாப்பாட்டுக்கு முன்பே நாங்கள் புறப்பட வேண்டியிருந்தது. மீனுக்காகவே இங்கு வருவோர் வார இறுதியைத் தவிர்த்து, செவ்வாய், புதனில் வருவது நல்லது என்று வீட்டுக்கார அம்மாவே சொன்னார். ஆசிரியருக்கு விடுமுறைக் காலம் தவிர அதற்கு வழியில்லை.

சனிக்கிழமை விடிவதற்கு முன் வீட்டுக்காரர் கதவைத் தட்டி எங்களைக் கரைக்கு அழைத்துச் சென்றார். இதை அவர் ஒரு தனிச் சேவையாகக் கருதவோ காசு கேட்கவோ இல்லை. தம் உறவினர் ஒருவரின் கரைவலை அன்று இழுக்கப்படுவதால், பிள்ளைகள் பார்க்கட்டும் என்று கூப்பிட்டார். படகு வலையை வளைத்துப் போட்டு மறுமுனைக் கயிற்றைக் கரைக்குக் கொண்டுவந்த பின்னர், இரண்டு கயிறுகளையும் இரண்டு அணிகள் இழுக்கின்றன. வலையிழுப்பை நடத்தும் மண்டாடி நடுவில் நின்று, எந்தப் பக்கம் முந்துகிறது, எந்தப் பக்கம் பிந்துகிறது என்று கைகாட்டிக்கொண்டே இருக்கிறார். முன்னர் அம்பா பாடி இழுத்தார்களாம். இப்போது பல இடங்களில் உழவு இயந்திரம் இழுக்கிறது. அன்று ஆட்கள் போதிய அளவு இருந்ததால் கையாலேயே இழுத்தார்கள், ஆனால் பாட்டு இல்லை. மடி கரையேற இரண்டரை மணி நேரம் சென்றது. சூடையும் சாளையும் நிறைய, பாரைக் குஞ்சுகள் சில, நண்டு கொஞ்சம். கயிற்றில் கைவைத்த என் மகனுக்கும் ஒரு கை மீன் பங்காகக் கொடுத்தார்கள். பங்கு என்ற சொல்லை அவன் கணக்குப் பாடத்தில் படித்திருந்தாலும், அதன் பொருளை அன்றுதான் அறிந்தான் என்று நினைக்கிறேன்.

இந்தத் தீவுக்கு இரண்டு கடல்கள் இருப்பதையும் அந்த இரண்டரை மணி நேரத்திலேதான் நான் ஒழுங்காகக் கேட்டறிந்தேன். வடக்கே பாக்குநீரிணை, தெற்கே மன்னார் வளைகுடா. அவர்கள் மொழியில் வடகடல், தென்கடல். வைகாசி தொடக்கம் சோளகம் என்னும் தென்மேற்குக் காற்று வீசும்போது தென்கடல் கொந்தளிக்கும், வடகடல் அடங்கியிருக்கும். கார்த்திகை, மார்கழியில் வாடைக்காற்று வந்தால் நிலைமை தலைகீழாகும். காற்றுக்கு ஏற்பப் படகையும் வலையையும் ஒரு கரையிலிருந்து மறுகரைக்கு மாற்றி, அங்கே வாடி என்னும் தற்காலிகக் குடிசை போட்டுத் தங்குகிறார்கள். மாசி, பங்குனியில் இரண்டு கடலுமே சாந்தமாக இருக்கும். அங்கே போக உகந்த காலம் எதுவென்று கேட்பவர்களுக்கு என் விடையும் அதுதான். ஆனால் தொப்பி அவசியம், பகல் பதினொரு மணிக்கு மேல் வெளியே நிற்க முடியாது.

அந்தக் கடலில் அவர்களுக்குள்ள பெரிய கவலை இழுவைமடிப் படகுகள். இலங்கையில் 2017ஆம் ஆண்டுச் சட்டத்திருத்தத்தால் அம்முறை தடைசெய்யப்பட்டுவிட்டது. எதிர்க்கரையிலிருந்து எல்லை தாண்டி வரும் படகுகள்தான் அடிக்கடலை வாரிச் செல்வதோடு, இரவில் போட்டிருக்கும் வலைகளையும் அறுத்துக்கொண்டு போகின்றன. அறுந்த வலைத் துண்டு ஒன்றை வீட்டுக்காரர் எனக்குக் காட்டினார். மிகவும் வருத்தத்தோடு சொன்னாரே தவிர, அந்தக் கரை மக்களைப் பற்றி ஒரு கடுஞ்சொல்லும் சொல்லவில்லை. அவருடைய மனைவியின் பெரியம்மா குடும்பம் 1990இல் படகேறிப் போய் இன்றும் அங்கேதான் இருக்கிறது.

தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடையே கடல் ஏறத்தாழ முப்பது கிலோமீட்டர்தான். அந்த இடைவெளியில் நீரிலிருந்து தலைகாட்டும் மணற்றிட்டுகளைத்தான் நாம் இராமர் அணை என்கிறோம். மீனவர்கள் தீடை என்கிறார்கள். அவற்றுக்குப் படகில் போக வேண்டும் என்பதே என் மகனின் முதல் ஆசையாக இருந்தது. கரையில் சந்தித்த ஒருவர் ஐந்து பேரையும் உடனே ஏற்றிச் சென்று இறக்குவதாகச் சொல்லி ஒரு தொகையும் கேட்டார். பாதுகாப்பு அங்கி பற்றிக் கேட்டதற்கு விடை இல்லை. எங்கள் வீட்டுக்காரர் அதைத் தடுத்தார். அந்தத் திட்டுகள் 2015ஆம் ஆண்டிலிருந்து கடல்சார் தேசியப் பூங்காவாக இருப்பதையும், வனசீவராசிகள் திணைக்களத்தின் அனுமதியின்றி அங்கே கால்வைக்கக் கூடாது என்பதையும், ஆலாப் பறவைகள் வெறும் மணலிலேயே முட்டையிடுவதால் கால்பட்டால் உடைந்துபோகும் என்பதையும் என் மகனுக்குப் பொறுமையாக எடுத்துச் சொன்னார். பின்னர், கடற்படையினரிடம் அறிவித்துவிட்டு, எல்லோருக்கும் அங்கி மாட்டி, கரையோரமாகவே ஒரு மணி நேரம் படகில் அழைத்துச் சென்றார். தூரத்தில் முதல் தீடை ஒரு வெண்கோடாகத் தெரிந்தது. தம் வருமானத்துக்கு வாய்ப்பான ஒன்றை இவ்வாறு விட்டுக்கொடுத்த மனிதரை நம்பி என் பிள்ளைகளை மீண்டும் கடலுக்கு அனுப்புவேன்.

மாமி படகில் ஏறவில்லை. அவர் இந்தப் பயணத்துக்கு ஒப்புக்கொண்ட காரணமே வேறு. 1964ஆம் ஆண்டு ஒக்டோபரில் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தாகி, மலையகத்தில் தலைமுறைகளாக வாழ்ந்தவர்களில் ஐந்தேகால் இலட்சம் பேர் இந்தியாவுக்கு அனுப்பப்படுவது என்று முடிவானபோது, அவருடைய மூத்த சகோதரியின் குடும்பம் அந்தக் கணக்கில் விழுந்தது. 1972இல் அட்டன் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து அவர்களை வழியனுப்ப வந்தவர்களில் இருபது வயதான மாமியும் ஒருவர். அவ்வாறு அனுப்பப்பட்டவர்களை ஏற்றி வந்த புகையிரதங்களுக்கு மலையகத்தில் ஒப்பாரிக் கோச்சி என்று பெயர். பொல்காவலையில் வண்டி மாறி, தகரப்பெட்டிகளோடு தலைமன்னாருக்கு வந்து, கப்பலுக்காக ஓர் இரவு காத்திருந்ததாக அவர் சொல்வார். சகோதரி தமிழ்நாட்டின் கூடலூர்த் தேயிலைத் தோட்டத்தில் குடியமர்த்தப்பட்டு, அங்கேயே காலமானார். மாமியின் குடும்பம் 1977ஆம் ஆண்டு வன்செயலுக்குப் பின்னர் செட்டிகுளத்துக்கு வந்து சேர்ந்தது. ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகளாக இவ்வளவு அருகில் வாழ்ந்தும் அவர் மறுபடி தலைமன்னாரைப் பார்த்ததில்லை.

இந்த இடத்தில் வீட்டுப் பெரியவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். வீட்டுக்காரரின் தகப்பனாரான அவருக்கு எழுபது வயது. சனி மாலை, வெயில் தாழ்ந்ததும், மாமியை முச்சக்கர வண்டியில் ஏற்றி நிலையத்துக்கும் பழைய துறைக்கும் அவரே அழைத்துச் சென்றார். 1914ஆம் ஆண்டில் தனுஷ்கோடிக்கும் இந்தத் துறைக்கும் இடையே நீராவிக் கப்பல் ஓடத் தொடங்கி, கொழும்பிலிருந்து சென்னை வரை ஒரே சீட்டில் போகக்கூடிய வழி அமைந்தது; 1964 டிசெம்பர்ப் புயலில் தனுஷ்கோடி அழிந்த பின்னர் கப்பல் இராமேசுவரத்துக்குப் போயிற்று; போர் மூண்டதும் அதுவும் நின்றது. இவை புத்தகத்தில் கிடைக்கும் செய்திகள். புத்தகத்தில் கிடைக்காததை அவர் காட்டினார்: பயணிகள் வரிசையில் நின்ற இடம், சுங்கத்தார் பெட்டிகளைத் திறந்து பார்த்த கொட்டகையின் அத்திவாரம், அதற்கு வெளியே வழியனுப்ப வந்தவர்கள் தங்கிய மரநிழல். மரம் இப்போது இல்லை. மாமி கடலைப் பார்த்துக்கொண்டிருக்கவில்லை. கொட்டகைக்கும் மரம் நின்ற இடத்துக்கும் இடையே எத்தனை அடி என்று நடந்து பார்த்தார். தன் நினைவில் அது மிகத் தூரமாக இருந்ததாம். அவர்களைத் தடுத்து நிறுத்திய வேலி எங்கே இருந்தது என்று அவர் கேட்க, பெரியவர் தம் ஊன்றுகோலால் மணலில் கோடு கிழித்துக் காட்டினார். கட்டணம் வாங்கும் எந்த வழிகாட்டியும் இதைச் செய்திருக்க முடியாது. துறைப்பகுதியில் கடற்படையினர் இருப்பதால் சில இடங்களில் படம் எடுக்கவும் உள்ளே செல்லவும் தடை உண்டு. கேட்டுக்கொண்டு எடுப்பது நல்லது.

அன்றிரவு மாமியும் பெரியவரும் முற்றத்தில் நெடுநேரம் பேசிக்கொண்டிருந்தார்கள். வீட்டார் எவரும் தொலைக்காட்சியைப் போடவில்லை. அயல்வீட்டிலிருந்து தவக்காலப் பாடல்கள் கேட்டன. மின்சாரம் ஒருமுறை நின்று, முக்கால் மணி நேரம் கழித்து வந்தது. அரிக்கன் விளக்கு ஏற்றி வைத்தார்கள். கடற்கரைக்குப் போனபோது என் கைத்தொலைபேசி இந்திய வலையமைப்பைப் பிடித்துக்கொண்டது. வெளிநாட்டு இணைப்புக்கான வசதியை நிறுத்திவைக்காவிட்டால் வீண் செலவு வரலாம், அதனால் இதை இங்கே குறிப்பிடுகிறேன்.

கரையைப் பற்றி ஒரு வருத்தத்தையும் பதிவுசெய்ய வேண்டும். பியர்ப் பக்கத்துக் கரையில் பொலித்தீன் பைகளும் வெற்றுப் போத்தல்களும் வலைத் துண்டுகளும் கிடக்கின்றன. அலை கொண்டுவருபவை பாதி. ஒரு மணி நேரத்துக்கு வந்துபோகும் எம்மைப் போன்ற சுற்றுலாக்காரர் போட்டுச் செல்பவை மீதி. 2018இல் எங்கள் மாணவர் சாப்பிட்ட பொதித்தாள்களை நான் எண்ணிச் சேர்த்துக் கொண்டுவந்தேனா என்பது எனக்கு நினைவில்லை. தங்குமிடத்து வீட்டார் தங்கள் வேலிக்கு முன்னுள்ள கரைத் துண்டைத் தினமும் கூட்டி அள்ளுகிறார்கள். அந்த ஐம்பது அடி மட்டும் வெண்மணலாக இருக்கிறது. அப்பால் யாருடைய பொறுப்பும் இல்லை.

கணக்கு முடித்தபோது, இரண்டு அறைகளுக்கு இரண்டு இரவுகளும் ஐந்து பேருக்கு எல்லா வேளைச் சாப்பாடும் படகும் சேர்த்து இருபத்தெட்டாயிரம் ரூபாய் வந்தது. பிள்ளைகளுக்கு அரைக் கணக்குத்தான். மாமியின் இடியப்பத்துக்குக் கணக்கே போடவில்லை. அட்டை ஏற்க மாட்டார்கள். பணத்தை மன்னார் நகரிலேயே எடுத்துக்கொண்டு வர வேண்டும். இதைவிட மலிவாக மன்னார் நகரில் அறை கிடைக்கும், வசதியும் கூடுதலாக இருக்கும். ஆனால் விடிகாலை வலையும் அந்திக் கரையும் அங்கே கிடையா. நடக்கச் சிரமப்படுவோர் கழிவறைத் தூரத்தை மனதில் கொண்டே முடிவெடுக்க வேண்டும். கைக்குழந்தையோடு செல்வோருக்கு உவர்நீர் தொல்லையாகலாம். மற்ற எவருக்கும் நான் தயக்கமின்றிப் பரிந்துரைப்பேன், இரண்டு இரவுகளுக்குக் குறையாமல்.

ஞாயிறு முற்பகல் பேருந்தில் புறப்பட்டோம். வீட்டுக்கார அம்மா சூடைக் கருவாட்டை நாளிதழில் சுற்றிப் பையில் வைத்துத் தந்தார். மறுபடி வருவதாயின் வைகாசிக்கு முன் வாருங்கள், சோளகம் தொடங்கினால் நாங்கள் வடகரைக்குப் போய்விடுவோம், அறைகளைப் பூட்டிவிடுவோம் என்றார். மாமி பேருந்தில் ஏறி அமர்ந்ததும், கூடலூரில் இருக்கும் தன் அக்கா மகளுக்கு இன்றே பேச வேண்டும், அந்த எண்ணைத் தேடித் தா என்று என் மனைவியிடம் கேட்டுக்கொண்டே வந்தார்.